ராவணனுக்கு விழுந்த ஓட்டு

1991 மக்களவைத் தேர்தலில் குஜராத்தின் சபர்காண்டா தொகுதி மக்கள் ராவணனைத் தேர்ந்தெடுத்து டெல்லிக்கு அனுப்பினார்கள். அவரை நிறுத்திய கட்சி, அயோத்தியில் ராமருக்குக் கோயில் வேண்டும் என்று முந்தைய ஆண்டு ரத யாத்திரை போன பாரதிய ஜனதா. அதே தேர்தலில், அதே சின்னத்தில், பரோடாவில் சீதையும் ஜெயித்தார். லங்கேஸ்வரனும் ஜானகியும் ஒரே கட்சிக் கொறடாவின் பேச்சைக் கேட்டு ஓட்டுப் போடும் காட்சி வால்மீகிக்கும் தோன்றவில்லை, கம்பனுக்கும் தோன்றவில்லை.

அந்த ராவணனின் பெயர் அரவிந்த் திரிவேதி. குஜராத்தி நாடக மேடையில் உருவானவர். அண்ணன் உபேந்திர திரிவேதி அங்கே மேடையிலும் சினிமாவிலும் பெரிய நட்சத்திரம். தம்பியும் சளைக்காமல் நடித்துக்கொண்டிருந்தார். ராமானந்த் சாகர் தூர்தர்ஷனுக்கு ராமாயணம் எடுக்கப்போகிறார் என்று தெரிந்ததும், கேவட் வேஷம் கேட்டுப் போனதாக அவரே சொல்லியிருக்கிறார். கம்பனில் ஓடம் விடுவதும் குகன் வேலைதான். துளசிதாசரில் கேவட் தனி ஆள், ராமன் காலைக் கழுவிவிட்டுத்தான் படகில் ஏற்றுவேன் என்று அடம்பிடிக்கும் பக்தன். அந்தக் காலைத் தொடப் போனவருக்குப் பத்துத் தலை கிடைத்தது.

1987 ஜனவரி 25 தொடங்கி 1988 ஜூலை 31 வரை 78 பகுதிகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவிப் பெட்டிக்கு மாலை போட்டு ஊதுபத்தி ஏற்றிய கதையெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவ்வளவாகப் பேசப்படாத ஒன்று உண்டு. அந்தத் தொடரில் தாராளமாக நடிக்க அனுமதி பெற்றிருந்தவர் திரிவேதி. ராமராக வந்த அருண் கோவிலுக்கு அரைப் புன்னகை, உயர்த்திய கை, அவ்வளவுதான். கும்பிடப்படுகிறவர் முகத்தைச் சுளிக்க முடியாது. ராவணனுக்கு அந்தக் கட்டு இல்லை. அவர் சபையில் சிரிக்கும் சிரிப்பைக் கவனித்துப் பாருங்கள். சத்தம் அடங்கிய பிறகும் கண்ணில் ஒரு சந்தேகம் மிச்சம் நிற்கும். கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பழக்கிய நாடகக் குரல் அது. சின்னத் திரைக்கு இது அதிகம் என்று யாராவது சொல்லியிருக்கலாம். சொன்னாலும் அவர் குறைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை, நல்லவேளை. சொந்த வாழ்க்கையில் ராம பக்தர். ராமனை ஏசும் வசனம் இருக்கிற நாட்களில் விரதம் இருந்தார் என்பார்கள்.

தமிழ் மேடையில் ஆர்.எஸ். மனோகர் ‘இலங்கேஸ்வர’னாக வந்தபோது சபாக்கள் கைதட்டின, ‘நாடகக் காவலர்’ என்று பட்டம் தந்தன, தொகுதி தரவில்லை. சினிமாக்காரர்களுக்கு ஓட்டுப் போடுவதில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை. ஆனால் நாம் கதாநாயகனுக்குத்தான் போட்டோம். ராவணனை நியாயப்படுத்தி எத்தனையோ மேடையில் பேசிய ஊர், ராவணனாக நடித்தவரைச் சட்டமன்றத்துக்குக்கூட அனுப்பவில்லை. நெருப்பு வைத்து உருவபொம்மை கொளுத்தும் வட்டாரம் அனுப்பியது.

ராமர் கதை வேறு. 1988இல் அலகாபாத் இடைத்தேர்தலில் அருண் கோவில் காங்கிரசுக்காகப் பிரசாரம் செய்தார். ஜெயித்தது எதிரே நின்ற வி.பி. சிங். அதாவது, மக்கள் பாத்திரத்துக்கு ஓட்டுப் போடுகிறார்கள் என்ற எளிய விளக்கமும் முழுசாகச் செல்லாது. முகம் தெரிந்தால் போதும் என்று கட்சிகள் நினைக்கின்றன. சில சமயம் போதுகிறது.

திரிவேதி 1996 வரை எம்.பி. பிறகு 2002இல் விஜய் ஆனந்த் தணிக்கை வாரியத் தலைவர் பதவியை விட்டு விலகியபோது, சில மாதம் அந்த நாற்காலியில் தற்காலிகமாக உட்கார்ந்தார். தன்னடக்கத்துக்குப் பெயர் போகாத ஓர் அரக்கனை நாடறியச் செய்தவருக்குக் கத்தரிக்கோல் கொடுத்தார்கள். இந்த இரண்டு பதவியிலும் அவர் என்ன செய்தார் என்று இன்று யாரும் விசாரிப்பதில்லை.

2020 ஊரடங்கில் தூர்தர்ஷன் ராமாயணத்தைத் திரும்பப் போட்டது. எண்பதைத் தாண்டிய திரிவேதி வீட்டில் அதைப் பார்க்கும் வீடியோ ஒன்று பரவியது. திரையில் சீதையைக் கவர்ந்து போகிறவர் அவர். எதிரே உட்கார்ந்து கைகூப்புகிறவரும் அவர். அடுத்த ஆண்டு மே மாதம் அவர் இறந்துவிட்டதாக வதந்தி கிளம்பியது. ராவணன் சாகவில்லை, நலமாக இருக்கிறார் என்று லட்சுமணனாக நடித்த சுனில் லஹ்ரி அறிவிக்க வேண்டியதாயிற்று.

2021 அக்டோபர் 5ஆம் தேதி மும்பையில் காலமானார், 82 வயதில். ‘ராவணன் மறைவு’ என்றுதான் பெரும்பாலும் செய்தி வந்தது. குஜராத்தி மேடைக்கு அதில் ஒரு வரி. அருண் கோவிலும் பாரதிய ஜனதாவில் சேர்ந்து, 2024இல் மீரட்டில் நின்று, பத்தாயிரத்துச் சொச்சம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ராவணனுக்கு 1991இலேயே திறந்த மக்களவை, ராமருக்குத் திறக்க மேலும் 33 ஆண்டு ஆனது.