ஒட்டிய வீடியோவில் ஒலி பிந்துவது ஏன்?

ஒரு காதுகுத்து விழாவில் எடுத்த நாற்பது சிறு வீடியோக்கள். ஒவ்வொன்றும் பத்து வினாடி. தனித்தனியே ஓட்டினால் எல்லாம் ஒழுங்கு. ஒன்றாக ஒட்டினால் தொடக்கம் மட்டும் சரி. கடைசியில் தாய்மாமன் வாயை மூடிய பிறகு அவர் குரல் வருகிறது. ஒட்டிய இடத்தில் ஏதோ பிழை என்று தோன்றும். பிழையின் விதையோ ஒட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு துண்டுக்குள்ளும் இருக்கிறது.

வீடியோ கோப்பு என்பது ஒரு பெட்டி. அதற்குள் படமும் ஒலியும் தனித்தனியாக இருக்கின்றன. இரண்டுக்கும் அளவுகோல் வேறு. வினாடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் 40 மில்லிவினாடி. ஏஏசி முறையில் பதிந்த ஒலி, வினாடிக்கு 48,000 மாதிரிகளாக எடுக்கப்பட்டு, 1,024 மாதிரிகள் கொண்ட கட்டுகளாக அடுக்கப்படுகிறது. ஒரு கட்டு ஏறத்தாழ 21.33 மில்லிவினாடி. பாதிக் கட்டு என்று ஒன்று கிடையாது.

பத்து வினாடிப் படத்துக்கு 250 ஃபிரேம். கணக்கு நேராக முடிகிறது. ஒலிக்கோ 468.75 கட்டு வேண்டும். 469 வைத்தாக வேண்டும். ஓடு பதிக்கும்போது கடைசி ஓடு சுவரைத் தாண்டி நீள்வதுபோல, ஒலி 5.33 மில்லிவினாடி நீள்கிறது. ஒரு துண்டில் இது யாருக்கும் தெரியாது. எது எப்போது ஓட வேண்டும் என்று குறிக்கும் நேரமுத்திரைகளைப் பார்க்காமல் கட்டுகளை வரிசையாகக் கோத்தால், நாற்பதாவது துண்டின் ஒலி 208 மில்லிவினாடி பிந்தித் தொடங்கும். போதாததற்கு, ஏஏசி பதிவு தன் தொடக்கத்தில் கொஞ்சம் வெற்றொலியைச் சேர்க்கும். அதைத் தாண்டிச் செல்லச் சொல்லும் குறிப்பு எம்பி4 கோப்பில் இருக்கும்; ஒட்டும் மென்பொருள் அதைத் தவறவிட்டால் பிந்தல் இன்னும் பெருகும்.

208 மில்லிவினாடி பெரிதா? சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, ஒலி 45 மில்லிவினாடி முந்தினாலோ 125 பிந்தினாலோ கண்டுபிடித்துவிடுவோம். முந்தல் 90ஐயும் பிந்தல் 185ஐயும் தாண்டினால் பொறுக்க மாட்டோம். பிந்தலுக்கு நாம் கூடுதலாக இடங்கொடுப்பதில் வியப்பில்லை. ஆற்றின் அக்கரையில் துணி துவைப்பவரின் கை கல்லில் இறங்கிய பிறகுதானே ஓசை நம்மை எட்டுகிறது?

எல்லாப் பிசகும் இந்த வகை அல்ல. ஆகவே மருந்துக்கு முன் நாடி பார்க்க வேண்டும். தொடக்கம், நடு, முடிவு மூன்றிலும் பாருங்கள்.

மூன்றிலும் ஒரே அளவு பிசகினால் வேலை சுலபம்: ஒலித்தடம் முழுவதையும் அந்த அளவுக்கு நகர்த்தினால் போதும்.

ஒரே துண்டுக்குள்ளேயே பிசகு வளர்ந்துகொண்டே போனால், வேகக் கணக்கில் கோளாறு. 29.97 ஃபிரேமை 30 என்று எண்ணினால் ஒரு மணி நேரத்தில் 3.6 வினாடி விலகும். செல்பேசிகள் வெளிச்சத்துக்கேற்ப ஃபிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதும் உண்டு. ஒட்டுவதற்கு முன் எல்லாத் துண்டுகளையும் ஒரே நிலையான வேகத்துக்கு மாற்றுங்கள். ஒலியின் மாதிரி வீதமும் ஒன்றாக இருக்கட்டும். 44,100இல் பதிந்ததை 48,000 என்று ஓட்டினால் ஒரு நிமிடப் பேச்சு 55 வினாடியில் முடிந்து, குரலும் கீச்சிடும்.

ஒவ்வொரு ஒட்டிலும் படிப்படியாகப் பிசகு ஏறினால், அது நம் காதுகுத்து வீடியோவின் நோய். அப்படியே ஒட்டும் அவசர வழியை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு துண்டின் ஒலியையும் சுருக்கப்படாத வடிவத்துக்கு விரித்து, படத்தின் நீளத்துக்குச் சரியாக வெட்டுங்கள்; குறைந்தால் மௌனத்தால் நிரப்புங்கள். எல்லாவற்றையும் ஒட்டி முடித்த பின் ஒரே ஒருமுறை ஏஏசிக்கு மாற்றுங்கள். எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில், விரித்து ஒட்டும் கான்கேட் ஃபில்டர், குறையும் ஒலியைத் தானே மௌனத்தால் நிரப்பிக்கொள்ளும். நேரம் கூடுதலாகும், ஆனால் மிச்சம் அடுத்த துண்டுக்குப் போகாது.

சரிபார்க்கும்போது கடைசித் துண்டுக்குப் போய் ஒரு கைதட்டலைத் தேடுங்கள். முதல் துண்டைப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். அங்கே பிசகு சேர இன்னும் நேரமே வரவில்லை.