யார் செய்த பாவம்?

மனத்தைக் கலக்கும் செய்தி ஒன்றைக் கேட்டவர்கள் முதலில் இரங்குகிறார்கள். அடுத்த மூச்சிலேயே காரணம் தேடுகிறார்கள். ஓடிக்கொண்டிருந்த பேருந்தின் மேல் மரம் விழுந்து நான்கு பேர் இறந்தார்கள் என்று காலைப் பத்திரிகையில் வந்தால், டீக்கடையில் அது கைமாறுவதற்குள் காரணங்கள் வந்துவிடும். "மழை நேரத்துல ஏன் கிளம்பணும்?" என்பார் ஒருவர். "நேரம் சரியில்ல" என்பார் இன்னொருவர். "எந்த ஜென்மத்துல செஞ்ச பாவமோ" என்று மூன்றாமவர் பேச்சை முடித்துவைப்பார். மூன்று பேரும் செய்வது ஒரே காரியம்தான். விபத்தின் காரணத்தைச் செத்தவர் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அங்கே எழுதியாகிவிட்டால், அது தன் கணக்கில் வராது என்ற தைரியத்தோடு டீயைக் குடிக்கலாம்.

இந்தப் பழக்கத்தை மதங்கள் வளர்த்தன என்று பொதுவாகச் சொல்வதுண்டு. அது பாதி உண்மைதான்; அதை மறுக்கும் குரலும் மதங்களுக்குள்ளேயே உண்டு. விவிலியத்தின் யோபு, பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருக்கும்போது நண்பர்கள் வருகிறார்கள். ஏழு நாள் வாய் திறவாமல் கூடவே இருக்கிறார்கள். பேசத் தொடங்கியதும், குற்றமில்லாதவனுக்கு இப்படி நடக்காது என்றே ஆளாளுக்கு வாதிடுகிறார்கள். நூலின் முடிவில் கடவுளின் கோபம் அந்த நண்பர்கள் மேல்தான் பாய்கிறது. சீலோவாம் கோபுரம் இடிந்து 18 பேர் இறந்த செய்தியை எடுத்துப் பேசும் இயேசு, அவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்க வேண்டாம் என்கிறார். இஸ்லாமிய மரபு இன்னும் ஒரு படி போகிறது. கொள்ளைநோயில் இறந்தவர், நீரில் மூழ்கியவர், இடிபாட்டில் சிக்கி மாண்டவர் ஆகியோரை ஷஹீதுகளின், அதாவது உயிர்த்தியாகிகளின், வரிசையில் வைக்கிறது ஒரு நபிமொழி. பழி போட வாய் திறக்கும் முன்பே இறந்தவருக்கு மரியாதை செய்து முடித்துவிடும் ஏற்பாடு அது.

வினைக்கொள்கையை இந்த விஷயத்தில் கவனமாகப் பார்க்க வேண்டும். மோலியசீவகன் என்ற நாடோடித் துறவி புத்தரிடம், மனிதன் அனுபவிக்கும் எல்லாமே முன்வினையால் வருவதாகச் சிலர் சொல்கிறார்களே என்று கேட்டதாகப் பௌத்த நூலான சங்யுத்த நிகாயத்தில் ஒரு சூத்திரம் உண்டு. புத்தர் எட்டுக் காரணங்களை அடுக்குகிறார்: பித்தம், கபம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாற்றம், தவறான பழக்கம், வெளியிலிருந்து வரும் தாக்குதல், கடைசியாக வினைப்பயன். எல்லாமே முன்வினை என்பவர்கள், தாங்களே அறிந்ததையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகிறார்கள் என்பது அவர் தீர்ப்பு. கர்மத்தை ஏற்றவர்தான் இதைச் சொல்கிறார் என்பதால் இதற்கு எடை அதிகம்.

சிலப்பதிகாரமும் கோவலன் கொலைக்கு முற்பிறப்புக் காரணம் சொல்கிறது. கலிங்க நாட்டுச் சிங்கபுரத்தில் பரதன் என்ற பெயரில் வாழ்ந்தபோது, சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்வித்த பழி அது. ஆனால் இளங்கோ இந்தக் கதையை எந்த இடத்தில் வைத்தார் என்று பார்க்க வேண்டும். கண்ணகி வழக்குரைத்து, பாண்டியன் தன் பிழையை ஒப்பி உயிர்விட்டு, மதுரை எரிந்த பிறகே மதுராபதித் தெய்வம் இதைச் சொல்கிறது. ஊழைக் காட்டி அரசவையில் யாரும் தப்பிக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டு இந்தியாவில் இந்தக் கேள்வி வெளிப்படையாக வெடித்தது 1934-இல். அந்த ஆண்டு ஜனவரி 15 பிற்பகலில் பிகாரையும் நேபாளத்தையும் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. முங்கேர் நகரம் தரைமட்டமானது. நிலம் பிளந்து மணலும் நீரும் பீறிட்டு வயல்களை மூடின. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போது காந்தி தீண்டாமை ஒழிப்புச் சுற்றுப்பயணமாகத் தமிழ்நாட்டில் இருந்தார். ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில் பேசியபோது, தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை இது என்றார்.

தாகூர் அதிர்ந்துபோனார். தீண்டாமையை எதிர்ப்பதில் அவருக்குக் காந்தியோடு வேற்றுமை இல்லை. இயற்கை நிகழ்வின் காரணம் இயற்கையிலேயே இருக்கிறது, ஒழுக்கத்தை அதனோடு முடிச்சுப் போடுவது மக்களின் பகுத்தறிவைக் கெடுக்கும் என்று எழுதினார். கூடவே ஒரு கூர்மையான எச்சரிக்கையும் வைத்தார். இதே வாதம் எதிராளிகளுக்குத்தான் இன்னும் பொருத்தமாக இருக்கும், காந்தியின் பாவமே பூமியை அசைத்தது என்று அவர்களும் சொல்லலாமே என்றார். காந்தி அந்த மறுப்பைத் தம் 'ஹரிஜன்' இதழிலேயே, 1934 பிப்ரவரி 16 அன்று, தம் பதிலோடு வெளியிட்டார். தம்மால் நிரூபிக்க முடியாது, ஆனால் அந்த நம்பிக்கை தமக்குள் உயிரோடு இருக்கிறது என்பதே பதிலின் சாரம். நேரு தம் சுயசரிதையில் இந்தக் கூற்றைக் கடுமையாகச் சாடினார். விடுதலைப் போரில் முன்நின்ற பிகாருக்குச் சட்டமறுப்புக்காகக் கிடைத்த தண்டனை என்று பிரிட்டிஷ் அரசும் சொல்லிக்கொள்ளலாமே என்பது அவர் கேள்வி.

காந்திக்காக ஒன்று சொல்ல வேண்டும். டீக்கடையில் பேசியவர்கள் பாவத்தை அடுத்தவர் தலையில் கட்டுகிறார்கள். அவர் தம்மையும் சேர்த்தே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார். அப்படியும் வாதத்தின் ஓட்டை அடைபடவில்லை. இடிபாட்டில் செத்தவர்களில் தீண்டாமைக்கு ஆளானவர்களும் இருந்திருப்பார்களே, அவர்கள் எந்தப் பாவத்துக்குத் தண்டனை பெற்றார்கள் என்ற கேள்விக்கு அதில் விடையே இல்லை.

பழி தேடும் மனத்தை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் உளவியலாளர் மெல்வின் லெர்னர். 1966-இல் அவரும் கரோலின் சிம்மன்ஸும் வெளியிட்ட சோதனையில், ஒரு பெண் தவறான விடை சொல்லும்போதெல்லாம் மின்னதிர்ச்சி பெறுவதை மாணவியர் பார்த்தனர். அது வெறும் நடிப்பு என்று அவர்களுக்குத் தெரியாது. வேதனை இன்னும் தொடரும், நம்மால் எதுவும் செய்ய முடியாது என்று நினைத்தவர்கள் அந்தப் பெண்ணையே மட்டமாக மதிப்பிட்டனர். அதிர்ச்சியை நிறுத்திப் பரிசு கொடுக்கும் வாய்ப்புக் கிடைத்தவர்கள் அப்படிச் செய்யவில்லை. உலகம் நியாயமானது என்ற நம்பிக்கையைக் காப்பாற்ற இரண்டு வழி உண்டு: துன்பத்தைத் துடைப்பது, முடியாவிட்டால் துன்பப்படுபவரைத் தாழ்த்துவது. கையைக் கட்டிக்கொண்டு செய்தி கேட்பவருக்கு இரண்டாவது வழிதான் எளிது.

பிகாரில் முதல் வழியும் நடந்தது. சிறையிலிருந்து வெளிவந்த ராஜேந்திர பிரசாத் நிவாரணக் குழு அமைத்தார். சுமார் 38 லட்சம் ரூபாய் திரண்டது. தண்டனை என்று சொன்ன காந்தியும் மார்ச் மாதம் பிகாருக்குப் போய், இடிந்த ஊர்களைச் சுற்றி வந்து நிவாரணப் பணியில் சேர்ந்துகொண்டார்.