அவகாசம்

கந்தர்வக்கோட்டையில் நிலைக்கதவு இழைக்கும் ஆசாரி, மரத்தில் தாம் வெட்டும் நீண்ட பள்ளத்தைக் காடி என்கிறார், கோயில் உண்டியலில் காசு நுழையும் திறப்பை வாய் என்கிறோம், அதே ஊரில் திருப்பதி தரிசனத்துக்கு முன்பதிவு செய்ய அமர்ந்தவரோ, "எந்த ஸ்லாட் காலியாக இருக்கிறது?" என்று விசாரிக்கிறார். மரத்துக்கும் தகரத்துக்கும் காலத்துக்கும் பொதுவாக நிற்கும் இந்த ஆங்கிலச் சொல்லுக்கு நம்மிடம் ஈடில்லை என்று வருந்துவோர், அவகாசம் என்ற சொல்லின் சரித்திரத்தை அறியாதவர்கள்.

வடமொழியில் இடத்தையும் இடைவெளியையும் குறித்த அச்சொல், தெலுங்கிலும் கன்னடத்திலும் வாய்ப்பு என்றாகி, மலையாளத்தில் உரிமை என்று நிமிர்ந்து நிற்க, தமிழில் மட்டும், 'ஒரு மாத அவகாசம் தந்தருள வேண்டும்' என மனுக்களில் கைகட்டி நிற்கும் சொல்லாயிற்று. இடம் தருவது தருபவரின் தயவா, பெறுபவரின் உரிமையா என்னும் தத்துவ விசாரம் முழுவதும் இந்த ஒரு சொல்லின் பொருள் பேதத்திலேயே அடங்கியிருக்கிறது.

இடம் தருவது என்றதும் முதலில் நினைவுக்கு வருவது ஆகாயம். நியாய தத்துவ மரபினரான நையாயிகர் அதை ஓசைக்கு ஆதாரமான பொருளாகக் கொண்டனர். சமணரோ, உயிர் முதலான மற்றெல்லாத் திரவியங்களுக்கும் இடங்கொடுப்பதே அதன் லட்சணம் என்றனர். அவ்வாறாயின் அது கொடுப்பது தயவுமன்று, தானமுமன்று, வெறும் சுபாவம். அந்தச் சமணர் தங்கிய சித்தன்னவாசல், கந்தர்வக்கோட்டை உள்ள இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்கே ஏழடிப்பட்டக் குகையில், தலையணை போல் தலைப்பக்கம் சற்றே உயர்த்தி, பாறையிலேயே செதுக்கிய பதினேழு படுக்கைகள் உள்ளன. அனைத்தையும் துறந்த முனிவர்களாலும் ஓர் உடல் கிடக்கும் இடத்தைத் துறக்க முடியவில்லை! அவற்றுள் ஒன்று காவுடி ஈதன் என்பவருக்குச் செய்தளிக்கப்பட்டது என்று பழந்தமிழ்க் கல்வெட்டு கூறுகிறது. செய்தளித்தவர் பெயரும் கூடவே இருக்கிறது. இடம் தரும் மனிதன் தன் பெயரைப் பொறித்துக்கொள்கிறான். ஆகாயத்துக்கு அந்தச் சபலம் இல்லை.

தயவா, உரிமையா என்ற கேள்வி இன்றும் ஓயவில்லை. கந்தர்வக்கோட்டை 2011-ஆம் ஆண்டுத் தேர்தல் முதல் தாழ்த்தப்பட்டோருக்கான தனித்தொகுதி. இட ஒதுக்கீடு என்ற தொடரில் இடம் என்ற சொல் வெளிப்படையாகவே இருந்தும், அதைச் சலுகை என்று எழுதும் வழக்கம் நம்மில் படித்தவர்களிடம்கூட ஒழியவில்லை. அப்படி எழுதப் பேனாவை எடுக்கும் நண்பர்கள், தயைகூர்ந்து முதலில் ஒரு மலையாள அகராதியைப் புரட்டிப் பார்க்க வேண்டுகிறேன்.