வெளியேற வேண்டியவர் யார்?

புதுச்சேரியிலிருந்து கடலூருக்குச் செல்லும் சாலையில், சுண்ணாம்பாற்றின் கரையில் அமைந்திருக்கிறது நாம் வாழும் நோணாங்குப்பம். படகுத்துறையைக் காண வருவோர்க்கு இது ஒரு பொழுதுபோக்கிடம். குடியிருப்போர்க்கோ இதுவே உலகம். பிள்ளைகள் படிக்கும் பள்ளி, மாதக் கணக்கில் பொருள் கொடுக்கும் மளிகைக் கடை, தைப்பதற்குத் துணி கொண்டுவரும் அண்டை வீட்டார், நோய் கண்ட இரவில் கதவைத் தட்டினால் எழுந்து வரும் மனிதர்கள் ஆகிய இவ்வளவும் சேர்ந்துதான் ஒரு குடும்பப் பெண்ணுக்கு வீடு ஆகிறது. நான்கு சுவர்களும் ஒரு கூரையும் மட்டும் வீடாகிவிடமாட்டா. இதனை மனத்தில் இருத்திக்கொண்டு ஒரு கேள்வியை எழுப்ப விரும்புகிறோம். கணவன் கைநீட்டி அடிக்கும் இல்லத்தில், வெளியேற வேண்டியவர் யார்? அடித்தவரா, அடிபட்டவரா?

வாயளவில் எல்லோரும் ஒரே விடையைத்தான் சொல்வர். குற்றம் செய்தவன் இருக்கக் குற்றமற்றவள் ஏன் வெளியேற வேண்டும் என்பர். ஆனால் நடைமுறையில் நிகழ்வது என்ன? நள்ளிரவில் குழந்தையை இடுப்பில் ஏந்திக்கொண்டு தாய்வீட்டுக்குப் பேருந்து ஏறுபவள் அவளே. பள்ளியை விட்டு நிற்பவை அவளுடைய பிள்ளைகளே. தையல் இயந்திரத்தையும் தன் மஹரில் வாங்கிய நகையையும் விட்டுச் செல்பவளும் அவளே. அடித்தவர் மறுநாள் காலையில் வழக்கம்போல் தேநீர்க் கடைக்கு வருகிறார். தண்டனை முழுவதும் பாதிக்கப்பட்டவள் தலையில் விழுகிறது. அதனை நாம் ‘பாதுகாப்பு’ என்று பெயரிட்டு அழைக்கிறோம்.

இது எங்கோ ஓரிடத்தில் நிகழும் அரிய செய்தி அன்று. 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்நாட்டில் மணமான 18 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 29 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளாகியிருக்கின்றனர்; தமிழ்நாட்டில் அந்த எண்ணிக்கை நூற்றுக்கு 38. வன்முறைக்கு ஆளான பெண்களில் பிறர் உதவியை நாடியோர் நூற்றுக்கு 14 பேரே என்றும் அவ்வாய்வு கூறுகிறது. மற்றவர்கள் வாய் திறவாமைக்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்று, சொன்னால் போக்கிடம் இல்லை என்னும் அச்சம் அன்றோ?

இவ்வச்சத்தின் வலிமையை அளந்து காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. பிரதீப் பாண்டா, பீனா அகர்வால் ஆகிய இருவரும் கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்நூறு மணமான பெண்களிடையே ஆராய்ந்து 2005ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். நிலமோ வீடோ தம் பெயரில் இல்லாத பெண்களில் நூற்றுக்கு 49 பேர் நெடுநாள் அடி உதைக்கு ஆளாகியிருந்தனர். வீடு மட்டும் உடைய பெண்களில் அது 10. நிலமும் வீடும் ஒருங்கே உடையவர்களில் 7. தன் காலடியில் உள்ள தரை தன்னுடையது என்று ஒரு பெண் அறிந்திருப்பதும், அவள் அறிந்திருக்கிறாள் என்பதைக் கணவன் அறிந்திருப்பதும் கையை அடக்குகின்றன போலும்.

இந்த உண்மை நம் முன்னோர்க்குப் புதியதன்று. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மகளுக்கு வீடு கொடுத்து, மருமகனை அவ்வீட்டுக்கு அழைத்துக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. இலங்கையின் கீழைக்கரையில் காத்தான்குடி, அக்கரைப்பற்று முதலிய ஊர்களிலும் முஸ்லிம் குடும்பங்களில் வீடு மகளுக்கே சேருகிறது. அங்கெல்லாம் தாயும் தமக்கையும் கூப்பிடு தொலைவில் இருப்பர். அவள் குரல் உயர்ந்தால் கேட்கக் காது உண்டு. இவ்வழக்கத்தை முற்றிலும் போற்றிவிடவும் இயலாது. பெண்ணைப் பெற்றவர் வீடு கட்டியே ஓய்ந்துபோவதும், அவ்வீடே வேறொரு பெயரில் கைக்கூலியாக மாறுவதும் நாம் காணும் கொடுமைகளே. ஆயினும் வீடு பெண்ணுடையது என்னும் எண்ணம் தமிழ் முஸ்லிம்களுக்கு அயலானதன்று என்பதற்கு இவ்வூர்கள் சான்று.

மார்க்கத்தின் நோக்கு என்ன என்பதையும் காண்போம். திருக்குர்ஆனின் அத்தலாக் அத்தியாயத்தின் முதல் வசனம், தலாக் சொல்லப்பட்ட பெண்களை இத்தா முடியும்வரை வீடுகளிலிருந்து வெளியேற்றலாகாது என்று கணவர்களைத் தடுக்கிறது. வெளிப்படையான மானக்கேடான செயல் ஒன்றே அதற்கு விதிவிலக்கு. இங்கு ஒரு சொல்லை உற்று நோக்க வேண்டும். கணவன் சம்பாதித்து அமைத்த வீடாக இருப்பினும், ‘அப்பெண்களின் வீடுகள்’ என்றே வசனம் குறிப்பிடுகிறது. அதே அத்தியாயத்தின் ஆறாம் வசனம், அவர்களை நெருக்கடிக்கு உள்ளாக்கும் நோக்கத்துடன் துன்புறுத்தலாகாது என்றும் தடுக்கிறது. மணவிலக்கின் வாயிலில் நிற்பவளுக்கே இவ்வளவு காப்பு உண்டென்றால், மணவாழ்வில் இருப்பவளை அடித்துத் துரத்துவதற்கு இடமேது? பெருமானார் (ஸல்) அவர்கள் எந்தப் பெண்ணையும் எந்தப் பணியாளரையும் ஒருபோதும் கையால் அடித்ததில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பதை நாம் அறிவோம். தீங்கு களையப்பட வேண்டும் என்பதை ஃபிக்ஹு அறிஞர்கள் ஐம்பெரும் விதிகளுள் ஒன்றாக வைத்திருக்கின்றனர். களைய வேண்டியது தீங்கை. தீங்குக்கு ஆளானவளை அன்று.

நாட்டின் சட்டமும் இத்திசையிலேயே வந்து சேர்ந்திருக்கிறது. 2005ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின் 17ஆம் பிரிவு, வீடு தன் பெயரில் இல்லாவிடினும் பெண்ணுக்கு அதில் வசிக்கும் உரிமை உண்டு என்கிறது. 19ஆம் பிரிவின்படி, வன்முறை செய்தவரே வீட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று குற்றவியல் நடுவர் ஆணையிடலாம்; ஆணையை நிறைவேற்ற உதவும்படி காவல் நிலையத்தையும் பணிக்கலாம். அவள் அங்கிருக்க விரும்பாவிடில், வேறிடத்தில் குடியமர்த்தவோ வாடகை கொடுக்கவோ கணவனுக்குக் கட்டளையிடலாம். பாதுகாப்பு ஆணையை மீறுவோர்க்கு ஓராண்டுவரை சிறை, அல்லது 20,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதி ஆர்.என். மஞ்சுளா வழங்கிய தீர்ப்பு இங்குக் கருதத் தக்கது. இரு பிள்ளைகளின் தாயாகிய வழக்கறிஞர் ஒருவர், கணவரை வீட்டிலிருந்து வெளியேற்றக் கோரினார். கீழ் நீதிமன்றமோ, மனைவியின் அமைதியைக் குலைக்கலாகாது என்று மட்டும் கணவருக்கு உத்தரவிட்டு, அவரை அவ்வீட்டிலேயே இருக்க விட்டிருந்தது. அச்சத்துக்குக் காரணமானவரை ஒரே கூரையின்கீழ் வைத்துக்கொண்டு, அஞ்ச வேண்டாம் என்று பெண்ணிடம் கூறுவதில் பொருளில்லை என்பது உயர் நீதிமன்றத்தின் கருத்து. இல்லத்தில் அமைதி நிலவக் கணவரை அகற்றுவதே வழியென்றால், அவருக்கு வேறு தங்குமிடம் உண்டா இல்லையா என்று பாராமலே அவ்வாறு ஆணையிடலாம் என்று அது தீர்ப்பளித்தது. புதுவையும் அந்நீதிமன்றத்தின் ஆளுகைக்கு உட்பட்டதேயாதலின், நோணாங்குப்பத்துப் பெண்ணுக்கும் அத்தீர்ப்பு துணை நிற்கும்.

இதற்கு எதிராக எழும் வினாக்களையும் நேர்மையுடன் எதிர்கொள்ள வேண்டும்.

உழைத்துக் கட்டிய வீட்டிலிருந்து ஒருவனை வெளியேற்றுவது அநீதியன்றோ என்பது முதல் வினா. அவனுடைய சொத்துரிமை எங்கும் போய்விடவில்லை. பத்திரம் அவன் பெயரிலேயே இருக்கிறது. நிறுத்தி வைக்கப்படுவது அங்கே தங்கும் உரிமை மட்டுமே. ஒருவருடைய உடைமைக்கும் மற்றவருடைய உயிருக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தாக வேண்டிய இடத்தில், உயிரைத் தேர்வதற்கு நெடிய ஆராய்ச்சி வேண்டியதில்லை.

வீடு மாமனார் மாமியாருடையதாக இருந்தால் என்ன செய்வது என்பது இரண்டாம் வினா. இது கடினமானது. மாமனார் வீட்டில் மருமகளுக்கு உரிமையில்லை என்ற பொருளில் 2006இல் அமைந்த தீர்ப்பை, உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 15 அன்று மாற்றியது. கணவனின் உறவினருக்குச் சொந்தமான வீடாயினும், அவள் குடும்பமாக வாழ்ந்த இடமெனில் வசிக்கும் உரிமையைக் கோரலாம் என்றது. அதே வேளையில், முதியோரின் அமைதியையும் நீதிமன்றம் எடைபோட வேண்டும் என்றும், அவ்வுரிமை எல்லையற்றதன்று என்றும் கூறியது. அடித்தவன் மகன் என்பதற்காக முதிய தாயைத் தண்டிக்கலாகாது. முதியவர்களைக் காரணம் காட்டி மருமகளைத் தெருவில் நிறுத்துவதும் தகாது.

மூன்றாம் வினாவே மிகவும் முதன்மையானது. அவள் அங்கேயே இருந்தால் அவன் திரும்பி வந்து தாக்கமாட்டானா? தாக்கக்கூடும். ஆகவேதான், வீட்டிலேயே இருப்பது எல்லோர்க்கும் ஏற்ற மருந்து என்று நாம் சொல்லவில்லை. இலண்டன் மாநகரின் பார்னெட் பகுதியில் 2002ஆம் ஆண்டில் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. கணவனிடமிருந்து பிரிந்த பெண்ணின் வீட்டுக் கதவுகளையும் சன்னல்களையும் வலுப்படுத்தி, நல்ல பூட்டுகள் பொருத்தி, தேவையான இடங்களில் ஓர் அறையை உடைக்க இயலாதபடி அமைத்து, காவலர் வரும்வரை அவள் அங்கே பத்திரமாக இருக்கச் செய்வது அதன் வழி. அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு: வன்முறை செய்தவர் அவ்வீட்டில் வசிக்கலாகாது, அவள் தானே விரும்பித் தேர்ந்திருக்க வேண்டும். ஆஸ்திரியா நாட்டில் 1997 முதல், தாக்கியவரை அப்பொழுதே வீட்டிலிருந்து விலக்கி வைக்கும் அதிகாரம் காவல் துறைக்கே வழங்கப்பட்டிருக்கிறது. இவற்றிலிருந்து நாம் அறிவது, பூட்டு மட்டும் போதாது, ஆணை மட்டும் போதாது. இரண்டும் சேர்ந்து, சுற்றத்தாரின் விழிப்பும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு என்பதே. அவன் உயிருக்கே உலை வைப்பான் என்று அவள் அஞ்சினால், அவள் வெளியேறுவதே அறிவுடைமை. அவளுடைய அச்சத்தை நம்மைவிட நன்கு அளக்கவல்லவள் அவளே.

இங்கு ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘வீட்டிலேயே இரு’ என்பது நம் பெண்களுக்குப் புதிய அறிவுரையன்று. பாட்டியர் காலந்தொட்டு, சபுர் செய், பொறுத்துப் போ, பிள்ளைகளுக்காக இரு என்றே சொல்லி வந்திருக்கிறோம். அந்த ‘இரு’ என்னும் சொல்லுக்கு, அடியுடன் சேர்ந்து இரு என்று பொருள். நாம் இங்குக் கூறும் ‘இரு’ என்பதற்கு, அடி வெளியேறட்டும், நீ இரு என்று பொருள். சபுர் என்பது இறைவன் தரும் சோதனையில் நிலைகுலையாமை. மனிதன் செய்யும் கொடுமைக்குக் கதவு திறந்து வைப்பதன்று.

ஜமாஅத்தின் பொறுப்பு இங்குத்தான் தொடங்குகிறது. இரு குடும்பத்தாரிலிருந்தும் நடுவர்களை அமைக்க அந்நிஸா அத்தியாயம் வழிகாட்டுகிறது. ஆனால் சமரசப் பேச்சுக்கு, இருவரும் அச்சமின்றி வாய் திறக்கும் நிலை வேண்டும். வீடு திரும்பியதும் என்ன நேருமோ என்று நடுங்குபவள், பள்ளிவாசல் அலுவலகத்தில் தலையசைப்பதைச் சம்மதமாகக் கொள்ளலாமா? முதலில் பாதுகாப்பு, பிறகு பேச்சு என்பதே முறை. பாதுகாப்பு அதிகாரியிடம் அவளை அழைத்துச் செல்லுதல், நீதிமன்ற ஆணையின் படியைக் காவல் நிலையத்தில் கொடுத்துவைத்தல், 181 என்னும் பெண்கள் உதவி எண்ணைச் சொல்லித் தருதல், நல்லதொரு பூட்டு வாங்கித் தருதல், வாடகை தவறாமல் பார்த்துக்கொள்ளுதல் ஆகியவை பெருஞ்செலவு பிடிக்கும் பணிகள் அல்ல. அண்டை வீட்டார் செய்ய வேண்டியது அதனினும் எளிது. கூக்குரல் கேட்டால், அது அவர்கள் குடும்ப விவகாரம் என்று கதவை மூடிக்கொள்ளாமல், 112 என்னும் எண்ணை அழைத்தால் போதும்.

கணவரையும் கைவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அவருக்கும் தாய்வீடு உண்டு, உடன்பிறந்தார் உண்டு, நண்பர் உண்டு. சில இரவுகள் பிறர் வீட்டில் பாய் விரித்துப் படுத்தால், இதுகாறும் அவள் பட்ட துன்பம் எத்தகையதென்று அவருக்கும் சிறிது விளங்கக்கூடும். திருந்துவதற்கும் அது வழியாகலாம்.

அடுத்த முறை, அடிபட்ட பெண்ணொருத்தி நம் ஜமாஅத்தின் முன்னோ நம் வீட்டு வாயிலிலோ வந்து நின்றால், ‘உன் தாய்வீடு எங்கே அம்மா?’ என்று கேட்கும் வழக்கத்தை விடுவோம். அவளைத் தன் வீட்டில் அமர்த்திவிட்டு, கணவரை அழைத்து, ‘இன்றிரவு நீங்கள் எங்கே தங்கப் போகிறீர்கள்?’ என்று கேட்போமாக.