காணாமையும் இன்மையும்

ஒரு பொருள் காணப்படவில்லை என்பதைக் கொண்டு அது இல்லை என்று முடிவு கட்டுவது எப்போது நியாயமாகும் என்பது இந்தியத் தத்துவ மரபு நெடுங்காலம் வாதிட்ட கேள்வியாகும். குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்சகர்கள் காணாமையை ‘அனுபலப்தி’ என்னும் தனிப் பிரமாணமாக, அதாவது அறிவு தரும் வழிகளுள் ஒன்றாக ஏற்றனர். ஆயினும், இருந்திருந்தால் புலப்பட்டே இருக்கும் என்ற தகுதி அமைந்த இடத்தில் மட்டுமே காணாமை இன்மைக்குச் சான்றாகும் என்று வரம்பும் கட்டினர். வெளிச்சத்தில் தரைமேல் குடம் தென்படாவிட்டால் குடம் இல்லை எனலாம். இருட்டில் அவ்வாறு சொல்ல இயலாது.

இவ்வரம்பு மென்பொருள் தொழிலில் அன்றாடம் மீறப்படுகிறது. திருச்சி கே.கே. நகரில் ஒருவர் பைத்தானில் எழுதிய கணக்கு நிரலை, பைத்தான் நிறுவப்படாத ஸ்ரீரங்கத்துக் கடைக் கணினியில் ஓட்டுவதற்காகப் பைஇன்ஸ்டாலர் கொண்டு ஒரே எக்ஸி கோப்பாகக் கட்டுகிறார் என்று கொள்வோம். அக்கருவி நிரலை ஓட்டிப் பார்ப்பதில்லை. அதிலுள்ள இம்போர்ட் கட்டளைகளைப் படித்து, அவை சுட்டும் லைப்ரரிகளைத் தொடர்ந்து சென்று சேர்க்கிறது. ஓடும்போதுதான் பெயர் முடிவாகி அழைக்கப்படும் மாட்யூல் இப்படிப்பில் தென்படாமையால் தேவையற்றதாக விடுபட்டுப்போகிறது. லைப்ரரி ஏற்கெனவே நிறுவப்பட்டுள்ள கே.கே. நகர்க் கணினியில் மூல நிரல் பிழையின்றி ஓடியதும் இங்கே சான்றாகாது.

ஸ்ரீரங்கத்தைத் தம் பணிக்களமாகக் கொண்ட இராமானுசரின் விசிஷ்டாத்வைதம், காட்சி, அனுமானம், வேதமாகிய சொல் என்னும் மூன்றையே பிரமாணங்களாக ஏற்று, இன்மையைத் தனிப்பொருளாகக் கொள்ளாமல் ‘பாவாந்தரம்’, அதாவது உள்ளதாகிய வேறொன்றின் நிலை, என்று விளக்குகிறது. குடத்தின் இன்மை என்பது வெறுந்தரையே. இக்கொள்கையின்படி நோக்கினால், எது இல்லை என்பதைவிட அங்கே என்ன உள்ளது என்பதே முதலில் கேட்கத்தக்கது. பிழைச் செய்தியைப் படிப்பதற்கும் இது பொருந்தும்: 2016இல் வெளிவந்த பைத்தான் 3.6 முதல், மாட்யூல் அறவே கிடைக்காத நிலைக்குத் தனிப் பிழைப்பெயர் உண்டு. மாட்யூல் கிடைத்தும் அது சார்ந்திருக்கும் டிஎல்எல் கோப்பு ஏறாத நிலை பொதுவான இம்போர்ட் பிழையாகவே வருகிறது. முன்னதற்கு ஹிட்டன் இம்போர்ட் என்னும் விருப்பத்தேர்வில் மாட்யூலின் பெயரை எழுதுவது மருந்து. பின்னதற்கு அதனால் பயனில்லை. கட்டும்போது பைஇன்ஸ்டாலர் எழுதிவைக்கும் எச்சரிக்கைக் கோப்பிலும், வேறு இயங்குதளங்களுக்கே உரிய, இங்கே தேவைப்படாத மாட்யூல்கள் பல ‘கிடைக்காதவை’ என்று இடம்பெறுவதால், அதை எக்ஸி கோப்புக்குள் உண்மையில் உள்ளவற்றோடு ஒப்பிட்டே படிக்க வேண்டும்.

இறுதிச் சோதனை பைத்தான் இல்லாத கணினியில் நடைபெறும்போதுதான் மீமாம்சகர் கேட்ட தகுதி நிறைவேறுகிறது, அங்கும் ஓரளவுக்கே. ஆண்டறிக்கைக்கான மாட்யூல் விடுபட்டிருந்தால், ஆண்டறிக்கையைக் கேட்கும்வரை அது வெளிப்படாது. ஆகவே ‘பிழை இல்லை’ என்ற சான்றிதழும் ஓர் இன்மைக் கூற்றே; ஓட்டிப் பார்த்த வழிகளுக்கு அப்பால் அதற்குச் செல்லுபடி கிடையாது.