அளவுகோலும் மனச்சான்றும்

சட்டம் கேட்டதைச் செய்து முடித்தவர், தம் கடமையையும் செய்து முடித்தவர் ஆகிவிடுவாரா? பழமையான இவ்வினாவை ஒரு காரின் இருக்கையை முன்வைத்து நாம் எண்ணிப் பார்க்கலாம்.

கார் இருக்கைகளின் உறுதியை வரையறுக்கும் 207-ஆம் எண் பாதுகாப்பு விதி, அமெரிக்காவில் 1968-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் சோதனை எளிது. இருக்கையை அசையாமல் பொருத்தி, அதன் முதுகுப் பகுதியைப் பின்னோக்கி மெல்ல மெல்ல விசைக்கு உட்படுத்துவர். 373 நியூட்டன் மீட்டர் அளவைத் தாங்கினால் தேர்ச்சி. அரை மீட்டர் நீளமுள்ள நெம்புகோலின் நுனியில் ஏறத்தாழ 76 கிலோ எடையைத் தொங்கவிடுவதற்கு இது ஒப்பாகும்.

ஆனால் விபத்து மெல்ல நிகழ்வதில்லை. பின்னாலிருந்து மற்றொரு வண்டி விரைந்து மோதுகையில், அமர்ந்திருப்பவரின் உடல் தன் எடையினும் பன்மடங்கு விசையோடு இருக்கையை அழுத்துகின்றது. இருக்கை பின்புறம் சாய்ந்து வீழ்ந்தால், அவரும் அதனோடு வீழ்கின்றார். அங்கே அமர்ந்திருப்பது பெரும்பாலும் குழந்தை. முன்புறக் காற்றுப்பை விரியும் வேகம் சிறாருக்கு ஆபத்து என்பதால், அவர்களைப் பின் இருக்கையில் அமர்த்துமாறு பெற்றோருக்கு அறிவுறுத்தப்படுகிறது. அது நல்ல அறிவுரையே. அதற்குச் செவிசாய்த்த பெற்றோரின் இருக்கையே பிள்ளையின்மீது வீழ்ந்த துயரங்கள் அமெரிக்க நீதிமன்றங்களை எட்டின. ‘இருக்கை விதிக்கு உட்பட்டதே’ என்பது அங்கே வழக்கமாக எழுந்த மறுமொழி.

மறுதரப்பையும் நாம் கேட்க வேண்டும். மிகவும் விறைப்பான இருக்கை கழுத்துக்கு ஊறு செய்யும். சற்றே இணங்கும் இருக்கை மோதலின் ஆற்றலை உள்வாங்கும் என்று பொறியாளர் சிலர் வாதிட்டனர். அதில் உண்மை உண்டு. ஆயினும் கட்டுப்பாட்டோடு இணங்குவது வேறு, தளர்ந்து வீழ்வது வேறு. கழுத்தைக் காக்கும் பொருட்டு, முதுகுப் பகுதி அளவோடு பின்னகரும் இருக்கையைச் சுவீடனின் வோல்வோ நிறுவனம் 1998-இல் கொண்டு வந்தது. அக்கறை இருந்த இடத்தில் வழியும் பிறந்தது. அமெரிக்காவிலோ, விதியைப் புதுப்பிக்கும் பணியைத் தொடங்குமாறு 2021-இல்தான் சட்டம் இயற்றப்பட்டது. 2024-இல் அதற்கான கருத்துகள் கோரப்பட்டன.

அளவுகோல் பொய் சொல்வதில்லை. கேட்ட கேள்விக்கு மட்டுமே அது விடை தருகிறது. இருக்கை இவ்வளவு விசையைத் தாங்குமா என்று கேட்டவர்கள், பின்னால் இருக்கும் குழந்தை பிழைக்குமா என்று கேட்கவில்லை. குறை கேள்வியில் இருந்தது.

இப்பிழையைப் பொறியாளர்மீது மட்டும் சுமத்திவிட்டு நாம் அகன்றுவிட இயலாது. கார் வாங்கச் செல்லும் நாமும் நிறத்தையும் விலையையும் வினவுகிறோம். இருக்கையின் உறுதியை வினவுவதில்லை. பணியிடத்திலும் இல்லத்திலும் சட்டம் ‘குறைந்தது இவ்வளவு’ என்று வரைந்த கோட்டை, ‘இவ்வளவு போதும்’ என்று நாமே திருத்தி வாசித்துக் கொள்கிறோம். விதியை நிறைவேற்றியதற்கான சான்றிதழை அலுவலகம் தந்துவிடும். நம்மை நம்பிப் பின்னால் அமர்ந்திருப்பவருக்கு நாம் போதியதைச் செய்தோமா என்பதற்கு நம் மனச்சான்றே விடை கூற வேண்டும்.