கையிலிருக்கும் துப்பாக்கியே போதும்

மைசூருக்கு மேற்கே, குடகில், செப்டம்பர் தொடக்கத்தில் வரும் கைல்பொள்து திருநாளில் ஆயுதங்களுக்குப் பூச்சூட்டி வழிபட்டு, பிறகு மரத்தில் கட்டிய தேங்காயைக் குறிபார்த்துச் சுடுகிறார்கள். அங்கே தலைமுறை தாண்டி வந்த துப்பாக்கியும் தேங்காயை உடைக்கிறது. ஆனால் தொலைதூரக் குறிசுடுதலில் இறங்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது புதுத் துப்பாக்கியின் விலையைத்தான். அந்தப் பணம் தோட்டாவுக்குப் போகட்டும் என்பேன். 50 மீட்டருக்குக் குறி சரிசெய்த .22 ரைஃபிளால் 100 மீட்டர் இலக்கைச் சுட்டால், தோட்டா ஏறக்குறைய ஒரு சாண் கீழே படும். எவ்வளவு விலை கொடுத்தாலும் இந்த இறக்கம் மறையாது. சுட்டுச் சுட்டு, தூரத்துக்குத் தூரம் நோட்டில் குறித்துத்தான் அது வசப்படும். பக்கக்காற்றும் அப்படியே.

பழைய குழல் சிதறடிக்குமே என்பார்கள். உண்மைதான். ஆனாலும் 100 மீட்டரில் நான்கு விரல் அகலத்துக்குள் குண்டுகள் விழுந்தால் அது தேங்காய்க்குள் அடங்கிவிடும். புதியவர் விசையை வெடுக்கென இழுப்பதால் வரும் சிதறல் அதைவிடப் பெரிது. அது குறைந்து, மிச்சப் பிழை துப்பாக்கியுடையது என்று தெரியும்போது மாற்றலாம். 300 மீட்டருக்கு .22 பொருந்தாது என்பதும் சரியே. அந்தத் தூரத்துக்குப் போகும்போது வேறு துப்பாக்கி வேண்டும். உரிமமும், குண்டைத் தாங்கும் மண்மேடுள்ள அங்கீகரிக்கப்பட்ட சுடுதளமும் மட்டும் முதல் நாளிலிருந்தே வேண்டும்.